மந்திரமூர்த்தி சொல்ல வந்தது

ஒன்பது வருஷமாக என் வேலை, ஆம்பளைகளை நாக்கைத் தூக்கச் சொல்லுவது. காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருக்கிற பழைய எக்ஸ்ரே அறையைத் திறப்பேன். வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவராக வந்து வாயைத் திறக்க, நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைப்பேன். கரையும் வரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. பத்து நிமிஷம் கழித்து, "நாக்கத் தூக்குங்க" என்பேன். சுத்தமாகக் கரைந்திருந்தால் போகலாம். வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்றுவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்குப் பயம்.

வலி மாத்திரைக்கு அடிமையாகிப் போனவர்களுக்கான மருந்து அது. மாத்திரையை விடுவதற்கு இன்னொரு மாத்திரையா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இந்த ஆஸ்பத்திரியில் கிடையாது, கேண்டீன்காரர் உள்பட. அது கிறக்கம் தராது. உடம்பு தவிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தவிப்பு அடங்கினால் மனுஷன் சோறு தின்பான், தூங்குவான், வேலைக்குப் போவான். இதை டாக்டர் எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறார். வருகிறவர்களுக்கு நான் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் மனசுக்குள் நான் அதை நம்பவில்லை. அந்த நம்பாமையால் ஒரு ஆள் செத்துப்போனார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகசுந்தரி. ஸ்டாஃப் நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு, அது பொய்யில்லை. ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்று சொல்லமாட்டேன். தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலியிலிருந்து மேற்கே என்பது போதும். அதற்கு மேல் சொன்னால் மெமோ வரும்.

மந்திரமூர்த்தி முதலில் வந்தது கொரோனாவுக்கு அடுத்த வருஷம். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயசு. நல்ல உயரம், அகலமான தோள், அதற்குக் கீழே சோறு காணாத வயிறு. வாழைத்தார் மண்டியில் லோடுமேன். கேரளாவுக்குப் போகிற லாரி பகல் பன்னிரண்டுக்குள் புறப்பட்டாக வேண்டும். சாக்கை மடித்துத் தோளில் போட்டு, அதன் மேல் தாரை ஏற்றி, லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகை வழியாக ஏறி இறங்குவார்கள். முதுகு பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். அதனால் மேஸ்திரி டீயோடு ஒரு மாத்திரையும் கொடுப்பார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. டீக்கு வடை மாதிரி அதுவும் ஒன்று. ஒன்று இரண்டானது, இரண்டு எட்டானது, பிறகு விழுங்கினால் போதவில்லை என்று ஊசிக்குப் போனார்.

"மொதல்ல வலிக்காகத் தின்னேன் சிஸ்டர். பொறவு, தின்னாட்டாதான் வலிச்சுது" என்று முதல் நாள் என்னிடம் சொன்னார்.

வந்ததற்குக் காரணம் அவருடைய மகள். இசக்கித்தாய் என்று பெயர், அவருடைய அம்மா பெயர். அப்போது ஒன்பது வயசு. மொபெட்டில் முன்னால் நிற்கவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது இவர் கண் சொருகிவிட்டது. வாய்க்கால் சுவரில் மோதிப் பிள்ளைக்கு முன்பல் பாதி உடைந்தது. அன்றைக்கே அவர் மனைவி முத்துராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விக்கிரமசிங்கபுரத்தில் அண்ணன்மார் வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன்மார் மில் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் படுத்தவர்கள். இந்த மாதிரி ஆளை அவர்களுக்குப் பொறுக்காது.

நாலு வருஷம் ஒரு நாள் தவறாமல் வந்தார். பஸ் ஓடாத நாளில் சைக்கிளில் வந்தார். மருந்து உடம்பில் சேரச் சேர ஆளே மாறிப்போனார். கன்னத்தில் சதை பிடித்தது. முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்தபோது, இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்ததா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இரண்டாவது வருஷம் அவரையே துணைக்கு ஆளாக டாக்டர் வைத்துக்கொண்டார். மீண்டு வந்தவர், மீள வருகிறவர்களுக்குத் துணை நிற்பது. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'சக ஆதரவாளர்' என்று போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அதைச் சொல்ல மெனக்கெடவில்லை. தொணையாள் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. மருந்தோடு மனதுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டுமாம். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கதர்ச் சட்டை, குளிர்ந்த குரல். 'முழுக்கவனப் பயிற்சி' என்று பேனர் கட்டினோம். ஆளுக்கு ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார்க்கச் சொன்னார், முகரச் சொன்னார், காதருகில் வைத்து உருட்டிக் கேட்கச் சொன்னார், கடைசியில் மெல்லச் சொன்னார்.

தேவேந்திரன் என்று ஒரு ஆட்டோக்காரர் எங்களிடம் மருந்துக்கு வருகிறவர். அவர் எழுந்து, "ஏ சார், ஒத்தத் திராட்சைக்கா அம்பையிலேருந்து பஸ் ஏறி வந்தோம்? பாயசத்துல போட்டாலாவது பிரயோசனம் உண்டு" என்றார். அறையே சிரித்தது. நானும்தான்.

பிறகு கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அது இன்னும் மோசம். தவிப்பில் இருக்கிறவன் கண்ணை மூடினால் தெரிவது மூச்சா? மாத்திரை அட்டைதான் தெரியும். இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். மந்திரமூர்த்தி மட்டும் போகிற நேரத்தில் அந்த மனிதரிடம், "சார், இதக் கண்ணத் தொறந்துக்கிட்டு, நடந்துக்கிட்டே செய்யலாமா?" என்று கேட்டார். தாராளமாக என்றார் அவர்.

அடுத்த வாரம் எங்கள் வராந்தாவில் ஆறு பேர் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமை வேகத்தில் நடந்தார்கள். துப்புரவு வேலைக்காரிகள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மந்திரமூர்த்தி கூடவே நடந்துகொண்டு பேசினார்.

"மண்டியில லாரிக்குப் பலகை போட்டிருக்கும். தோள்ல தாரு. அங்கன கால் வைக்கும்போது எவனாவது வீட்டு ஞாபகத்துல நடப்பானா? நடந்தான்னா விழுவான். அந்த நேரம் காலு மட்டுந்தான் உண்டும், மூச்சு மட்டுந்தான் உண்டும். தவிப்பு வந்தா அதையும் ஒரு தாருன்னு தோள்ல வையி. தள்ளிவிடாத, பயந்து ஓடாத. பைய நட. பலகை தாண்டினா எறக்கிரலாம்லே. யாரும் தார வீட்டுக்குச் சொமந்துக்கிட்டுப் போறதில்ல."

கோயம்புத்தூர்க்காரர் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தில் எழுபது பக்கத்துக்கு இருந்தது இதுதான். தேவேந்திரன் நடந்தார். திராட்சையைக் கேலி செய்த அதே தேவேந்திரன், ஒரு நாள் சவாரியை நிறுத்திவிட்டு ஆற்றுப் பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து தரம் நடந்துவிட்டு வந்து, "எறங்கிட்டு" என்று ஒரே வார்த்தை சொன்னார். தோளில் இருந்த தவிப்பைத்தான் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தோறும் பத்தரை மணிக்கு எக்ஸ்ரே அறையில் வட்டமாக உட்காருவார்கள். அதுவும் மந்திரமூர்த்தியின் ஏற்பாடு. இரண்டே சட்டம். அந்த வாரம் சறுக்கியவர் முதலில் சொல்ல வேண்டும். கேட்கிறவர் யாரும் அவரைத் திட்டக் கூடாது, அழக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. சொல்லி முடித்ததும் இரண்டு பேர் அவரோடு பஸ் ஏறி வீடு வரை போய், அன்று பொழுது சாயும் வரை கூட இருப்பார்கள். சறுக்கியவனைத் தனியாக விடக் கூடாது, தனியாக இருக்கும்போதுதான் சாவு வரும் என்பது அவர் கண்டு வைத்திருந்தது. எனக்கும் ஒரு ஸ்டூல் உண்டு. "நீங்க பேசாம இருந்தாப் போதும் சிஸ்டர்" என்று எனக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் போட்டார். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டால் சொல்லுவார்.

இவ்வளவு பேருக்குத் துணையாக இருந்தவருக்கு வீட்டில் துணை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விக்கிரமசிங்கபுரம் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் மகளைப் பார்க்கலாம், அதுவும் மாமன் பக்கத்தில் நிற்க. பங்குனி உத்திரத்துக்கு நாங்குநேரி பக்கம் பனங்காட்டுக்குள் இருக்கிற அவருடைய குலசாமி சாஸ்தா கோயிலுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைப்பார்கள். இவர் நாலு வருஷமாகத் தனியாகப் போய் அக்கா வீட்டுப் பானையில் ஒரு கை அரிசி போட்டுவிட்டு வருகிறார். "ஒரு தடவ முத்துராணி கையால பொங்கல் வச்சாப் போதும் சிஸ்டர்" என்பார். அதைத் தவிர அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் பங்குனி பிறந்ததும் முத்துராணி எனக்குப் போன் பண்ணினாள். அதுவரை நாங்கள் பேசியதில்லை.

"சிஸ்டர், அண்ணன் எறங்கி வந்திருக்கான். உத்திரத்தன்னைக்குச் சாஸ்தா முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினா என்னையும் பிள்ளையையும் அனுப்புதேங்கான். அவிய சத்தியத்துல நிப்பாவளா?"

சூடத்தை ஏற்றி, 'இனிமேல் தொடமாட்டேன்' என்று சொல்லிக் கையால் அடித்து அணைப்பது. எங்கள் பக்கத்தில் குடி, சீட்டு எல்லாவற்றுக்கும் இதுதான் கடைசி வழி. நான் உடனே என் வாயைத் திறந்தேன்.

"சூடத்தையெல்லாம் நம்பாத முத்துராணி. எங்க அப்பா மூக்குப்பொடிய விடுறதுக்கு மூணு தரம் சூடம் அணைச்சாரு, மூணு தரமும் மறுவாரமே டப்பிய எடுத்துட்டாரு. கடைசியா என் தலையில கை வச்சுச் சொன்னாரு. அன்னையோட முடிஞ்சுது. பிள்ள தலையில கை வைக்கச் சொல்லு. அதுலதான் பயம் இருக்கும்."

"சொல்லுதேன் சிஸ்டர்" என்றாள். பிறகு, "ஆசுபத்திரி மாத்திரையும் சேத்துத்தான் விடணுங்கான் அண்ணன். அதுவும் அரசாங்கம் குடுக்குற போதைதானங்கான். விடலாமா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

எவ்வளவு ஒழுங்கான கேள்வி பாருங்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளிடம் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? விடக் கூடாது, அது மருந்து, சர்க்கரைக்காரனுக்கு இன்சுலின் மாதிரி, டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஆபத்து. மனப்பாடமாகத் தெரியும். ஆனால் நாலு வருஷமாகத் தினமும் என் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்குகிற அந்த மனுஷன் எப்போது முழு ஆளாவான் என்று எனக்குள் ஒரு அலுப்பு இருந்தது. கேண்டீன்காரருக்கு நான் சளைத்தவள் இல்லை.

"விட முடிஞ்சா நல்லதுதான்" என்றேன்.

உத்திரம் முடிந்த மறுநாள் காலையில் வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே வந்தார். கையில் தூக்குவாளி. சர்க்கரைப் பொங்கல்.

"இன்னைக்கு நாக்கத் தூக்கச் சொல்லாதீங்க சிஸ்டர். பிள்ள தலையில கை வச்சாச்சு. எந்த மாத்திரையும் இந்த உடம்புல எறங்காது."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க முடியாது. டாக்டர் பாலசுப்பிரமணியன் அடுத்த அறையிலிருந்து வந்தவர் விஷயத்தைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யோசிச்சுத்தான் செஞ்சீங்களா மந்திரமூர்த்தி? ஒரு வருஷம் எடுத்துப் பைய பைய கொறைச்சிருக்கலாமே."

"பிள்ள தலையில பாதி பாதியாச் சத்தியம் பண்ண முடியுமா டாக்டர்?"

"சரி, இத மட்டும் கேட்டுக்கிடுங்க. இந்த மருந்து இருக்கவரை உங்க ஒடம்புக்கு ஒரு காவல் உண்டும். அது போயிட்டா ஒடம்பு பழசெல்லாம் மறந்திரும். முன்ன காலையில சாதாரணமா எடுத்த அளவ இனிமே ஒரு தரம் எடுத்தாலும் அதுவே கடைசி. சறுக்கினா அன்னைக்கே சொல்லணும். மறைக்கக் கூடாது."

"நான் மறைப்பேனா டாக்டர்? செவ்வாக்கெழமை வச்சதே நான்தான" என்று சிரித்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, "பிள்ளை தலையில கை வைக்கச் சொல்லி எவன் யோசனை சொன்னான்?" என்றார். நான் பதிவேட்டில் குனிந்துகொண்டேன்.

அடுத்த பத்து நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கால் இரண்டும் தன்னால் உதறியது. மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டே இருந்தன. தேவேந்திரனும் மற்றவர்களும் முறை வைத்து அவர் வீட்டில் இருந்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்த நடையை அவருக்கே நடத்தினார்கள், இரண்டு பக்கமும் தோளைப் பிடித்துக்கொண்டு. சித்திரை முதல் வாரம் எழுந்து உட்கார்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துராணி பெட்டியோடு வந்து இறங்கினாள். பிள்ளைக்கு இப்போது பதிமூன்று வயசு, எட்டாம் வகுப்பு. இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.

ஜூன் மாசம் போதை ஒழிப்பு நாளுக்கு மேடை போட்டார்கள். மந்திரமூர்த்திக்குப் பொன்னாடை. "மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், மன உறுதி ஒன்றாலேயே மீண்டவர்" என்று ஒரு அதிகாரி மைக்கில் முழங்கினார். பாலசுப்பிரமணியன் இருந்திருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பார். அவர் மே மாசமே மாறுதலாகிப் போய்விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் மந்திரமூர்த்தியின் படத்தோடு பிளெக்ஸ் வைத்தார்கள். அடுத்த வாரம் என் வரிசையில் மூன்று பேர் குறைந்தார்கள். மந்திரமூர்த்தி அண்ணாச்சி மாதிரி நாங்களும் சும்மா விடுகிறோம் என்றார்களாம். ஒருவன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் மூன்று பேர் ஆனதும், தொணையாள் ஆனபோது விட்டுவிட்ட மண்டிக்கே மந்திரமூர்த்தி திரும்பினார். அட்டை தொங்கப்போட்டுச் செய்கிற வேலை வாரத்தில் மூன்று நாள்தான், அந்தக் காசு காணாது. தார் தூக்கியதும் முதுகு பழையபடி பிடித்துக்கொண்டது. காய்ச்சல் மாத்திரைகூடத் தொடமாட்டார், பண்ணிய சத்தியம் அப்படி. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வருவார். நான் பார்த்தேன். தைலம் தேயுங்கள் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டு, முதுகு வலிக்காரனுக்குத் தைலம் சொன்ன நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆடி முதல் செவ்வாய். சத்தியம் பண்ணி நூறு நாள் தாண்டியிருந்தது. முத்துராணி சுசியம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் கொடுக்கலாம் என்று வாசலிலேயே பாத்திரத்தோடு நின்றாள். நான் வழக்கம்போல ஸ்டூலில்.

"இந்த வாரம் யாராவது சறுக்கினீங்களா?" என்று மந்திரமூர்த்தி கேட்டார். யாரும் பேசவில்லை. அப்படியானால் வழக்கமாக நேரே மூச்சுப் பயிற்சிக்குப் போய்விடுவார்கள். அன்றைக்குப் போகவில்லை. அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"அப்பம், நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

பேசாமல் இருந்தால் போதும் என்று எனக்கு அவர் போட்ட ஒரே சட்டம். அதை அன்றைக்கு மீறினேன். சந்தோஷத்தில் மீறினேன் என்பதுதான் கொடுமை.

"நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க? நூறு நாளாச்சு, உங்களுக்கு மாலைல்லா போடணும்! இங்கன வா முத்துராணி, ஏன் வாசல்லயே நிக்க?" என்று எழுந்தேன். பாத்திரத்தை வாங்கி ஒரு சுசியத்தை எடுத்து, "வாயத் தொறங்க" என்று நானே அவர் வாயில் வைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். தேவேந்திரன் தட்டவில்லை. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. மந்திரமூர்த்தி மென்றார். முத்துராணியைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், லாரி போன பிறகு, மண்டிக்குப் பின்னால் சாக்கு போடுகிற கொட்டகையில் கிடந்தார். பக்கத்தில் ஊசி. முன்பெல்லாம் காலை டீக்கு முன்னால் எடுத்துக்கொண்ட அளவுக்கு மேல் அதில் இருந்திருக்காது. தேவேந்திரன்தான் ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வாசலில் பிளெக்ஸைத் தாண்டித்தான் உள்ளே தூக்கி வந்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

தேவேந்திரன் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்று என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முதுகு தாங்காமல் முதல் தரம் தொட்டிருக்கிறார், கொஞ்சமாக. மறுநாளே தேவேந்திரனைத் தேடிப் போய், "செவ்வாக்கெழமை எல்லாரு முன்னாலயும் சொல்லிருதேன்லே. சொன்னாத்தான் அது எறங்கும்" என்றிருக்கிறார். புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஊர் முழுக்கக் காய்ச்சல்தான், எங்கள் ஓ.பி.யில் நிற்க இடமில்லை. ஆனால் அவர் கை வைத்துச் சத்தியம் பண்ணியது அந்தத் தலையில்.

"புதன் சாயங்காலம் போன் பண்ணினாரு. ஏலே, பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்கு, நான் செஞ்சதுக்குத்தான் சாமி கேக்குன்னு அழுதாரு. அதெல்லாம் இல்ல வே, ஊருக்கே காய்ச்சதான், சிஸ்டருட்டப் போயிச் சொல்லும்னேன். அதுக்கு அவரு..." தேவேந்திரன் நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்னாரு?"

"சிஸ்டரு கேக்கமாட்டாவடே, அவிய சந்தோசமா இருக்காவன்னாரு."

நான் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். இதற்குச் சமமாக ஒன்று வாங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை தகனம். அன்றைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. எந்தக் காய்ச்சலும் மூன்றாம் நாள் விடக்கூடியதுதான். ஆனால் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நான் போனபோது வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தியம் மீறினதுக்குச் சாஸ்தா பிள்ளையைக் கேட்டாராம், தகப்பன் தன்னைக் கொடுத்துவிட்டானாம். அண்ணன்காரனே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான், கடைசியில் மச்சான் ஆம்பளைதான் என்று. முத்துராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளைய எனக்குக் குடுத்துட்டுப் போயிட்டாவ சிஸ்டர்" என்றாள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்று இருந்தது. அதைப் பிடுங்க எனக்குத் தெம்பில்லை. தெம்பில்லை என்பதுகூட நல்ல வார்த்தை. தைரியமில்லை. உண்மையைச் சொன்னால் கூடவே என் பெயரும் வரும்.

சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் இசக்கித்தாய் எச்சில் பாத்திரங்களை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பின்னல் இல்லாமல் தலைமுடியை அள்ளிக் கட்டியிருந்தாள். எனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"சிஸ்டர், எனக்குக் காய்ச்ச வராம இருந்தா அப்பா இருந்திருப்பாவளா?"

"காய்ச்சலுக்கும் அப்பாவுக்கும் ஒண்ணுமில்லம்மா. சாமி உன்னைக் கேக்கவும் இல்ல, அப்பா உனக்குப் பதிலாப் போகவும் இல்ல. அப்படி யாரு சொன்னாலும் நம்பாத."

"அப்பம் எதுக்குச் செத்தாவ?"

"அப்பாவுக்கு ஒரு மருந்து இருந்துது. அத நிறுத்தினதால ஒடம்பு தாங்கல."

"நாக்குக்கு அடியில வைப்பீங்களே, அதா? அத நிறுத்தாம இருந்தா இருந்திருப்பாவளா?"

"இருந்திருப்பாரு."

அவள் குழாயை மூடினாள். "மாமாதான என் தலையில கை வைக்கச் சொன்னது?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மாமன் முன்கட்டில் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தான். அவன் தலையில் போட்டாலும் அவனுக்கு வலிக்காது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா இல்ல. நான்தான் சொன்னேன். உங்க அம்மா போன்ல கேட்டப்போ நான் சொன்னேன். மருந்த விடலாமான்னும் கேட்டா. விடலாம்னேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குக் கோயில்ல அப்பா கையி ரொம்ப நடுங்குச்சு சிஸ்டர்" என்றாள். "நான் ஆடாம நின்னேன். சத்தியம் தப்பிரக் கூடாதுன்னு."

பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.